டாக்டர் மாமா

ஜூன் 14

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பெரிய ஆட்களுக்கு முதல் இரண்டு தடவை தட்டிப்போகும், மூன்றாம் தடவைதான் கதவு திறக்கும். இசக்கிக்கு இன்று நீட் ரிசல்ட் வந்தது. இது இரண்டாம் தடவை. நூலிழையில் தவறிவிட்டது. கொஞ்சம் தடித்த நூல், அவ்வளவுதான்.

இசக்கி என் செத்துப்போன அக்கா உலகம்மாளின் ஒரே மகள். இங்கே பாளையங்கோட்டையில் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டே, சனி ஞாயிறு நீட் வகுப்புக்கும் போகிறாள். அப்பன் பம்பாயில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வரும். மூன்று வயதிலிருந்து பிள்ளை என்னிடம்தான்.

நான் யார்? சொரிமுத்து மைக்செட். நெல்லைச் சீமையில் என் குரல் போகாத காது கிடையாது. 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று ஆட்டோவிலிருந்து ஆரம்பித்தால் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். எட்டாவது வரை படித்தேன். எட்டாவதையே மூன்று வருடம் படித்ததால் பத்து படித்த கணக்குத்தான்.

இன்றைக்கு ஒரு சின்னச் சங்கடம். ரிசல்ட் எப்படியும் நல்லபடியாக வரும் என்று நேற்றே ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து, மாசானம் அண்ணாச்சி டீக்கடை முக்கில் கட்டிவிட்டேன். இசக்கிக்கு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். 'எங்கள் குலவிளக்கு வருங்கால மருத்துவர்' என்று போட்டு, கீழே இரண்டு கையையும் கூப்பியபடி நான். காலையில் ரிசல்ட் பார்த்துவிட்டு அவிழ்க்க ஓடினேன். அதற்குள் இசக்கி அந்த வழியாக வந்து, அதன் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மாமா, கோட்டு எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டெதாஸ்கோப்ப தலகீழா மாட்டியிருக்காங்க."

"கம்ப்யூட்டர்காரப் பய வேல. அடுத்த வருஷம் நேரா மாட்டிருவோம்."

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "ஏ சொரி, பேனர மடிச்சு வையி. படிக்கது புள்ள, அடிக்கது நீயாடே?" என்றார். நான் சிரித்தேன். இசக்கியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 22

நான் இந்த டைரி எழுதக் காரணமே இசக்கிதான். அவளுடைய விலங்கியல் டீச்சர் ஜெபராணி மிஸ் வாராவாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாராம்.

"என்னத்தட்டி எழுதுத?"

"இந்த வாரம் என்ன படிச்சோம், நாம எப்படி மாறியிருக்கோம்னு எழுதணும் மாமா."

"ஒரு வாரத்துல என்ன மாறும்? நகம் வளரும்."

"அதையும் எழுதலாம்னுதான் மிஸ் சொல்லுதாங்க."

சரி, போட்டி என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அவள் ஒரு பக்கம் எழுதினால் நான் இரண்டு பக்கம்.

ஜூலை 5

இன்று டீக்கடையில் நாலு பேர் கேட்டதால் அந்தக் கதையைச் சொன்னேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

இசக்கி பிறந்து அப்போதுதான் கண் திறந்து பார்க்கிற பருவம். ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் படுத்திருக்கிறாள். பார்க்க வந்த டாக்டர் குனிந்ததும், பிள்ளை கையை நீட்டி ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏலே சொரி, பாத்தியா? இவ டாக்டராத்தான் ஆவா" என்றாள். டாக்டர் லண்டனில் படித்தவர். "இந்தப் பிடி சாதாரணப் பிடி இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னார். நர்சுகள் கைதட்டினார்கள். பக்கத்து வார்டுகளிலிருந்து எல்லாரும் ஓடி வந்து பார்த்தார்கள்.

வீட்டில் இசக்கி கேட்டாள். "போன தடவ மெட்ராஸ் டாக்டருன்னு சொன்னீங்க. நர்சு கைதட்டினதும் புதுசு."

"மெட்ராஸ் வழியாத்தான லண்டன் போவணும்?"

"அம்மா சொன்னது மட்டும் எந்தத் தடவயும் மாறாது மாமா. அத நான் கவனிச்சிருக்கேன்."

அப்படியா? நான் கவனித்ததில்லை.

ஜூலை 19

சாரல். மொட்டைமாடியில் மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர்களைப் பேனரால் மூடி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நல்ல சரக்கு.

ஆகஸ்ட் 11

இன்று இசக்கி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய்க் கத்தாளை மீன் வாங்கி வந்தாள். போன வருடம் வரை பஸ் ஸ்டாப்புக்குக்கூட நான் துணைக்குப் போகவேண்டும். இப்போது மீன்காரியிடம் பேரம் பேசி, தலை வேண்டாம் என்று மற்றவர்கள் விட்டுப்போன தலைகளையும் சும்மா வாங்கி வந்திருக்கிறாள். எல்லாம் நான் பழக்கியது.

குழம்பு வைக்கத்தான் என்று நான் புளியைக் கரைத்தேன். அவள் தலைகளைப் பலகையில் வைத்து, சின்னக் கத்தியால் மெல்லப் பிளந்து, எதையோ தேடினாள். வெள்ளையாக ஒரு கல். பாசிப்பயறைவிடப் பெரிது.

"என்னட்டி, மீன் கல்லத் தின்னுருக்கு?"

"தின்னல மாமா. இது அதோட காதுக்குள்ள இருக்குத கல்லு. இத வச்சுத்தான் அது தண்ணிக்குள்ள மேல கீழ பாத்து நிக்கும். சத்தமும் கேக்கும். இத மெலிசாத் தேச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா மரத்துல இருக்க மாதிரி வளையம் இருக்கும். வளையத்த எண்ணுனா மீனோட வயசு தெரிஞ்சிரும். எந்த வருஷம் நல்லாத் தின்னுச்சு, எந்த வருஷம் பட்டினி கெடந்துச்சுன்னுகூடச் சொல்லலாம்."

"என் காதுல கல்லு இருக்கா?"

"உங்களுக்கு மைக்குதான இருக்கு."

இப்படிப் பேசி நான் அவளைக் கேட்டதே இல்லை. நீட் புத்தகத்தை எடுத்தால் இவள் முகம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற முகம். இன்று அப்படியில்லை. கல்லைக் கழுவி, காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

மீனின் காது பற்றிப் படித்தால் மனிதனின் காதும் சுலபமாக வரும். காது டாக்டர் ஆகப்போகிறாள் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 3

பாட்டிலில் கல் கூடுகிறது. நான் தலை தின்று களைத்துவிட்டேன்.

அக்டோபர் 8

டீக்கடையில் இப்போது என் பெயர் டாக்டர் மாமா. கிண்டலாக ஆரம்பித்தது, நிலைத்துவிட்டது. இன்று அண்ணாச்சி தன் சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "டாக்டர் மாமா, இது கூடவா கொறைச்சலா?" நான் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். "கொறையணும்" என்றேன். "எது?" என்றார். "எல்லாமே" என்றேன். பேப்பரைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன் என்று அவர்தான் சொன்னார்.

இசக்கி ஆய்வகத்திலேயே இருந்துவிட்டு இருட்டத்தான் வருகிறாள். சோற்றை மூடி வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும்.

நவம்பர் 2

நேற்று அவள் எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு படித்தாள். 'முன்பெல்லாம் தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதி நிரப்புவேன். இந்த வருடம்தான் எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகினேன். அப்படிச் சொன்ன பிறகுதான் படிக்கவே ஆரம்பிக்கிறேன்.'

"இத எதுக்குட்டி எழுதுன? மிஸ் மார்க்கக் கொறச்சிருவாங்க."

"நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க மாமா."

எனக்கு இந்தப் படிப்பு பிடிபடவில்லை. தெரியாது என்று சொன்னால் யார் வேலை கொடுப்பான்? என்னிடம் ஒருவன் வந்து, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரே நேரத்தில் எத்தனை குழாய் கட்ட முடியும் என்று கேட்டால், ஊரை மூடலாம் என்பேன். அப்புறம்தான் குழாய் தேடுவேன்.

நவம்பர் 23

ஞாயிறு. மழை பிடித்துக்கொண்டதால் குடையை எடுத்துக்கொண்டு நீட் வகுப்பு வாசலுக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தார்கள், இசக்கி வரவில்லை. காவல்காரர், "அந்தப் புள்ள ஒரு மாசமா வரதில்லையே" என்றார். ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, கடைசி ஆள் போய் கேட்டைப் பூட்டுகிற வரை நின்றேன்.

பொழுது சாய்ந்து வந்தாள். செருப்பில் மணல், துப்பட்டாவில் மீன் வாடை.

"கிளாஸ் எப்படி?" என்றேன்.

"ம்" என்றாள்.

"நான் இன்னிக்கு வெளிய எங்கயும் போகல. நல்ல தூக்கம்" என்றேன். அவள் வாசலில் ஈரக் குடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரசம் நல்லா இருக்கு என்றாள்.

இதையும் நான் முன்னமே எதிர்பார்த்ததுதான்.

ஜனவரி 15

பம்பாய் போன். "எம் மக டாக்டராயிருவாள்லா?" என்று கேட்டான். "கோட்டு தச்சாச்சு" என்றேன். இசக்கி போனை வாங்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 26

நீட்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. இன்று சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"மாமா, நான் இந்தத் தடவ நீட் எழுதல."

"சரி, அடுத்த தடவ எழுது." விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்.

"எந்தத் தடவயும் எழுதல. ஜெபராணி மிஸ் தூத்துக்குடியில பேசியிருக்காங்க. கடல் மீன் ஆராய்ச்சி பண்ணுத எடம். மே மாசம் மொதல்ல இருந்து பயிற்சி. நல்லா செஞ்சா, டிகிரி முடிச்சிட்டு மேல படிக்கவும் அங்கேயே வழி இருக்கு. கிளாஸுக்கு நான் போறதில்ல. அது உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"குடை நனைஞ்சிருந்துச்சு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு கொஞ்சம் சத்தம் போட்டேன். என் சத்தம் எல்லாருக்கும் தெரியும், கீழ்வீட்டு நாய் குரைத்தது. உங்கம்மை கண்ணால பாத்துச் சொன்னத மீனுத் தலைக்காக விடப்போறியா என்று கேட்டேன். நல்ல கேள்விதான்.

அவள் அழவில்லை. "எனக்கு ரத்தம் பயமில்ல மாமா. படிக்கவும் முடியும். ஆனா அது எனக்குள்ள போக மாட்டேங்குது. இது போகுது. மத்த எல்லாத்தையும் நான் யோசிச்சுட்டேன். அம்மா சொன்னது ஒண்ணுதான் மிச்சம். அம்மாகிட்ட இருந்து எனக்குன்னு இருக்குதது அந்த ஒரு வார்த்தைதான். அத மீறி என்னால போக முடியல. நீங்க எழுதுன்னு சொன்னா எழுதுதேன்."

"எழுது" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரி 28

பேசுகிறாள். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறாள். நீட் புத்தகத்தை விரித்து வைத்து உட்காருகிறாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

மார்ச் 2

ஜன்னலில் பாட்டிலைக் காணோம். உப்பு எடுக்கப் பரணில் கை விட்டபோது, பழைய பேப்பரில் சுற்றி உள்ளே தள்ளி வைத்திருப்பது கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

மைக் டெஸ்ட் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன். ஹலோவுக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 4

நாளை பெயர் கொடுக்கக் கடைசி நாள். சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேனரை உதறிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அந்தக் கதையில ஒரு பாதி நான் ஒனக்குச் சொல்லல" என்றேன்.

"எந்தக் கதையில?"

"ஒங்கம்மை கதையில. டாக்டராத்தான் ஆவான்னு சொன்னாள்லா, அதோட நிக்கல. கொஞ்ச நேரம் ஒன் மூஞ்சியவே பாத்துட்டு, 'டாக்டரோ என்னமோ, அவளுக்குப் புடிச்சதப் படிக்கட்டும்லே. நீ கூட இரு'ன்னா."

இசக்கி கையில் இருந்த துணியை மடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

"எப்ப சொன்னாங்க?"

"அன்னிக்கேதான்."

"லண்டன் டாக்டர் இருந்தாரா?"

"அவரு போயிட்டாரு."

"கைதட்டுன நர்சு?"

"யாருமில்லட்டி. நானும் அக்காவுந்தான். நீ தூங்கிட்ட."

"இவ்வளவு வருஷம் ஏன் சொல்லல?"

"பாதி கதையே நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதான்."

அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் கல்லைப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் போல. எத்தனை வளையம் எண்ணினாளோ. பிறகு பேனரின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து மடித்தோம். வெள்ளைக் கோட்டு உள்ளே போயிற்று.

"நீங்க ஒரு கதைய இவ்வளவு சின்னதாச் சொல்லி நான் கேட்டதே இல்ல மாமா" என்றாள். "ஆனா நீங்க சொன்னதுலயே இதுதான் ரொம்ப நல்லாருக்கு."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நான் இறங்கி வரும்போது பாட்டில் ஜன்னலில் இருந்தது.

மார்ச் 5

கடைசி நாள் போயிற்று. பெயர் கொடுக்கவில்லை.

மார்ச் 6

டீக்கடையில் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன். மருமகளைத் தூத்துக்குடியிலிருந்து ஆள் விட்டு அழைத்திருக்கிறார்கள், அவள் போனால்தான் அங்கே வேலையே ஓடும் என்றேன்.

"அப்பம் டாக்டர் இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"மேல படிச்சா அதுலயும் டாக்டர் பட்டம் உண்டு. ஜெபராணி மிஸ்ஸே சொன்னாங்க."

"அதுவரைக்கும் ஒன்ன என்னன்னு கூப்பிட? மீன் மாமான்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். டீ ஆறிவிட்டது.

மே 1

இசக்கியைத் தூத்துக்குடி பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே விடுதியில் தங்குகிறாள். போகும்போது பாட்டிலை எடுத்துக்கொண்டாள். ஒரு கல்லை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள்.

"இருக்குததுலயே பெரிய கல்லு மாமா, வயசான மீனோடதா இருக்கும். பத்திரமா வச்சுக்கிடுங்க."

"என்னைய விட வயசா?"

"உங்கள விடக் கம்மியாத்தான் பேசியிருக்கும்."

பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் ஜவுளிக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல்தான். 'குடும்பத்தோடு வாரீர்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மே 2

பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். நல்லதுதான், நாளைக்குப் பழையது ஆகும்.

மே 3

இன்று நீட் பரீட்சை. நம் தெருப் பள்ளிக்கூடத்திலும் எழுதினார்கள். வாசலில் பிள்ளைகள் கம்மலையும் கொலுசையும் கழற்றி அம்மாக்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். கேட் மூடிய பிறகும் அம்மாக்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள், கையைத் திறந்து திறந்து கம்மலைப் பார்த்துக்கொண்டு. நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க வீட்டுப் புள்ளயும் உள்ள எழுதுதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது? வாய் வரைக்கும் வந்தது. அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இல்லய்யா. எம் மருமக தூத்துக்குடியில மீனுக்கு வயசு பாக்கா" என்றேன். "சுறாவெல்லாம் வரிசையில நிக்காம்."

"வரிசையில நின்னத நானும் பாத்தேன்" என்றார் அண்ணாச்சி. இன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் இசக்கி போன் பண்ணினாள். முதல் தடவையாகத் தானே கல்லைத் தேய்த்து வளையம் பார்த்தாளாம். இரண்டு கல் உடைந்துவிட்டது, மூன்றாவது சரியாக வந்தது என்றாள். மூன்றாம் தடவைதான் கதவு திறக்கும் என்று நான் சொன்னது இப்போது புரிகிறதா?

"சாப்டீங்களா மாமா? தனியாவா இருக்கீங்க?"

"தனியாவா? வீடு நெறய ஆளு. அண்ணாச்சி வந்துருக்காரு, மைக்செட் பயலுவ வந்துருக்கானுவ. சத்தத்துல நீ பேசுததே கேக்கல."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே."

"அது ஒன் போனு."

அவள் சிரித்துவிட்டு வைத்தாள். கல் மேசைமேல் இருக்கிறது. இதை எழுதும்போதே அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த டைரியை யாராவது படித்தால் நான் அளந்துவிட்டேன் என்பார்கள். லண்டன் டாக்டரை யாரும் நம்ப மாட்டார்கள். போகட்டும், அவர் எங்கே படித்தாரோ. ஆனால் பிள்ளை கையை நீட்டி அந்தக் குழாயைப் பிடித்தது நிஜம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, இவ டாக்டராத்தான் ஆவா என்று சொன்னதும் நிஜம். அதில் நான் ஒரு எழுத்து சேர்க்கவில்லை.

அவளுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று அக்கா சொல்லவில்லை. அது நான் மாடியில் பேனரை உதறிக்கொண்டே கட்டியது. அக்கா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று எழுதத்தான் இப்போது பேனாவை எடுத்தேன்.

அது எனக்குத் தெரியாது.